ஊர் பேர் தெரியாத கிரிஸ்

(பினாங்கில் அன்பர்கள் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இந்த மேஜையின்மீது மஞ்சள் துணியில் சுற்றி வைத்திருக்கும் பொருள் என்னவென்று முன்வரிசைக் குழந்தைகள் தம் தாய்மாரைக் குடைந்துகொண்டிருப்பதை நான் சிறிது நேரமாகக் கவனித்து வருகிறேன். அவர்களை அதிக நேரம் காக்க வைப்பது பாவம். இது ஒரு கிரிஸ். மலாய்க்காரர் கெரிஸ் என்பார்கள். நம்மவர் நாவில் கிரிஸ் என்றும் கிரிஸ் கத்தி என்றும் வழங்குகிறது. இதை அடித்த கொல்லன் தன் பெயரை இதில் பொறிக்கவில்லை. ஊரும் ஆண்டும் எழுதவில்லை. ஈப்போவில் ஓர் அடகுக்கடையில், மீட்க ஆளில்லாமல் ஏலத்துக்கு வந்த சாமான்களோடு சாமானாக, என் தகப்பனார் இதை எடுத்து வந்தார் என்பதற்கு முந்திய இதன் சரித்திரத்தை நான் ஐம்பது வருஷ காலமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். அந்தத் தேட்டத்தில் கண்டதையும், அதைவிட முக்கியமாக நான் கெடுத்ததையும், தங்கள் முன்னிலையில் சொல்லிவிடலாம் என்றே இன்று வந்தேன்.

கிரிஸைப் பற்றி அறிய வேண்டியவற்றில் பாதியை அதன் அடிப்பாகமே சொல்லிவிடும். மற்ற நாட்டுக் குத்துவாள்களைப் போல இது இருபுறமும் ஒத்த அமைப்புடையதன்று. நுனியிலிருந்து ஒடுக்கமாக வரும் அலகு, பிடியை நெருங்கும் இடத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து அகன்று விடுகிறது. அந்த அகன்ற அடியின் குறுக்கே மயிரிழை போல ஒரு கோடு ஓடும். அனுபவமில்லாதவர்கள் அதைக் கீறல் என்று எண்ணி விலையைக் குறைக்கப் பார்ப்பார்கள். அது கீறல் அல்ல. அலகின் அடியில் தனியாகச் செய்து பொருத்திய ஓர் இரும்புத் துண்டின் விளிம்பு. அதற்குக் கஞ்சா என்று பெயர். சிரிக்க வேண்டாம், பெயர் அப்படி அமைந்துவிட்டது, இரும்பு என்ன செய்யும்? முன்புறத்தில் சுருண்டு நிற்கும் சிறு கொக்கியை மலாய் நாட்டார் யானைத் துதிக்கை என்கிறார்கள். ஜாவானியரோ அதையே பயற்றம்பூ என்கிறார்கள். ஆனால் அதற்குக் கீழே துருத்திக்கொண்டிருக்கும் முள்ளுக்கு ஜாவாவிலும் யானை உதடு என்றே பெயர். ஆகவே யானை எங்கும் போய்விடவில்லை. அலகின் வளைவுகளுக்கு லுக் என்று பெயர். 3, 5, 7, 9, 13 என்று எப்பொழுதும் ஒற்றைப்படையிலேயே அவற்றை எண்ணுவார்கள். வளைவில்லாத நேரான கிரிஸ்களும் ஏராளம் உண்டு. கிரிஸ் என்றாலே பாம்பு போல நெளிய வேண்டும் என்பது சினிமாவால் வந்த அபிப்பிராயம். என்னுடையது 9 லுக் உடையது. அலகு மட்டும் 36 சென்டிமீட்டர்.

இந்த ஆயுதத்தின் பழமையைக் கண்ணால் காண விரும்புகிறவர்கள், மத்திய ஜாவாவில் லாவு மலைச் சரிவில் உள்ள சுகு கோயிலுக்குப் போக வேண்டும். 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கோயிலில் ஒரு கற்பலகையில் கொல்லுப் பட்டறை ஒன்று செதுக்கப்பட்டிருக்கிறது. கொல்லன் யார் என்றால், நம் வீமன்; துருத்தி ஊதுகிறவன் அருச்சுனன்; இருவருக்கும் நடுவே கணபதி ஒரு காலைத் தூக்கி ஆடிக்கொண்டிருக்கிறார். அந்தத் துருத்தி நம்மூர்ப் பட்டறைகளில் உள்ள தோல் துருத்தி அன்று. நெட்டுக்குத்தாக நிறுத்திய இரண்டு குழல்களில், பெண்கள் மாற்றுலக்கை போடுவதைப் போலத் தண்டுகளை மாற்றி மாற்றி அழுத்தும் துருத்தி. வீமன் அலகை வெறுங்கையால் பற்றியிருக்கிறான். பட்டறையில் செய்து முடித்த ஆயுதங்கள் வரிசையாக இருக்கின்றன. இரும்பை உருக்குவதும் ஆன்மாவைப் பக்குவப்படுத்துவதும் ஒன்றே என்று கருதிய ஒரு சமூகம்தான் கொல்லுப் பட்டறையைக் கோயிற் சுவரில் ஏற்ற முடியும். அங்கே கிரிஸ் அடிக்கும் கொல்லனுக்கு எம்பு என்ற பட்டம் உண்டு. அது சாதாரணக் கொல்லனுக்கு வழங்கும் சொல் அன்று, மகா கவிகளுக்கும் வழங்கிய சொல்.

அதே 15ஆம் நூற்றாண்டில் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோவின் கப்பல்களோடு ஜாவாவுக்கு வந்த மா ஹுவான் என்ற சீன முஸ்லிம், மூன்று வயதுப் பிள்ளை முதல் நூறு வயதுக் கிழவன் வரை அங்கே ஆண்கள் எல்லாரும் இடையில் ஒரு குத்துவாள் செருகியிருப்பதாக எழுதி வைத்தார். நூறாண்டு கழித்து மலாக்காவில் இருந்த தோமே பீரெஸ் என்ற போர்த்துக்கீசியரும் ஏறக்குறைய அதையே எழுதினார். இதிலிருந்து நாம் செய்ய வேண்டிய அனுமானம் ஒன்று உண்டு. நாட்டிலுள்ள ஆண்மக்கள் அத்தனை பேரும் பல தலைமுறைகளாக அணிந்த ஒரு பொருளில், அரசன் அணிந்தது ஆயிரத்தில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். ஆனால் இன்று விற்பனைக்கு வரும் கிரிஸ்களிலோ, குடியானவன் அணிந்தது என்று சொல்லி விற்கப்பட்ட ஒன்றையாவது நான் பார்த்ததில்லை. எல்லாம் சுல்தான்களுடையவை, மிகக் குறைந்தால் ஒரு மந்திரி.

அலகின்மேல் தெரியும் கோலத்துக்குப் பாமோர் என்று பெயர். சாதாரண இரும்பையும் நிக்கல் கலந்த இரும்பையும் அடுக்கிக் காய்ச்சி, அடித்து, மடித்து, மறுபடியும் அடித்து, அந்தப் பலநூறு படலங்களுக்கு நடுவே எஃகை வைத்து இணைத்து அலகைச் செய்கிறார்கள். பிறகு அமிலமிட்டால் இரும்பு கறுக்கும். நிக்கல் வெள்ளியாக நிற்கும். அந்தக் கோலங்களின் பெயர்களைக் கேட்டால், அவற்றைச் சூட்டியவர்கள் வயலும் தோப்பும் சூழ வாழ்ந்தவர்கள் என்பது புலப்படும்: சிந்திய அரிசி, தென்னங்கீற்று, தர்பூசணித் தோல், பொன்மழை. விண்ணிலிருந்து விழுந்த கல்லைக் கொண்டு செய்தது என்ற பேச்சும் முழுப் பொய்யன்று. பிரம்பானன் அருகே கிடைத்த ஒரு விண்கல் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சூரகார்த்தா அரண்மனைக்குக் கொண்டு போகப்பட்டு, அதன் இரும்பு அரண்மனைக் கிரிஸ்களில் பயன்பட்டது உண்மை. அதற்கும் முன்பே சுலவேசித் தீவின் லூவு நாட்டு இரும்பில் இயற்கையாகவே நிக்கல் இருந்ததால், அது கப்பலேறி ஜாவாவுக்கு வந்துகொண்டிருந்தது. பின்னாளில் ஐரோப்பாவிலிருந்து வந்த நிக்கலே அந்த வேலைக்குப் போதுமானதாயிற்று. ஆயினும் கடைக்காரர்கள் இதுவரை விற்றிருக்கும் விண்கல் கிரிஸ்களையெல்லாம் கூட்டிப் பார்த்தால், ஜாவாவின்மீது முந்நூறு வருஷம் ஓயாமல் கல்மாரி பெய்திருக்க வேண்டும்.

இனி, ஒரு கிரிஸ் எங்ஙனம் ஊர் பேர் அற்றதாகிறது என்ற விஷயத்துக்கு வருகிறேன்.

கிரிஸ் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்த பொருள் அன்று. அது சீதனமாகக் கடல் கடந்தது, பரிசாக ஓர் அரசவையிலிருந்து மற்றோர் அரசவைக்குப் போனது, போரில் பறிபோனது, கடனுக்கு ஈடாக நின்றது. புதிதாகப் பெற்றவன் தன் ஊர் வழக்கப்படி அதற்கு வேறு பிடியும் வேறு உறையும் செய்து உடுத்தினான். ஜாவாவில் பிறந்த அலகு பேராக்கில் மலாய் உடை உடுத்து, பூகிஸ் இனப் பெண்ணை மணந்தவன் இடுப்பில் வேறோர் உடைக்கு மாறியிருக்கலாம். என் கிரிஸின் பிடியையே எடுத்துக்கொள்வோம். கைகளைக் குறுக்கே கட்டி, தலையைக் குனிந்து, உடலைக் குறுக்கிக்கொண்டு ஓர் உருவம் இருக்கிறது. மலாய் நாட்டில் இதற்குக் காய்ச்சல் கண்ட ஜாவாக்காரன் என்று பெயர். அண்டை வீட்டாரைக் கேலி செய்வதில் மனித குலம் எங்கும் ஒரே குலந்தான். உறையின் மேற்புறம் தீபகற்பத்தின் வேலைப்பாடு. அலகு ஜாவாவை நினைவூட்டுகிறது. ஆகவே இந்த மூன்றும் மூன்று ஊர்.

இப்படி மூன்று ஊர் கலந்திருப்பதே மோசடிக்கு அடையாளம் என்று சில சேகரிப்பாளர்கள் கருதுகிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. நூறு வருஷத்துக்கு முன் உடையவன் ஒருவன் மனமொப்பி மாற்றிய உடையும் சரித்திரந்தான். போன மாதம் வியாபாரி ஒருவர் மூன்று உடைந்த கிரிஸ்களைக் கலந்து ஒன்றாக்கியதே மோசடி. இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. உறையின் வாயில், கஞ்சாத் துண்டு அமர்வதற்காகக் குடைந்திருக்கும் பள்ளத்தைப் பாருங்கள். அந்த அலகுக்கென்று செய்த உறையானால் இரண்டும் நகமும் சதையுமாகப் பொருந்தும். இரண்டு தலைமுறை உபயோகத்தில் பள்ளத்தின் ஓரங்கள் மழுங்கி, இரும்பின் கறை மரத்தில் ஊறியிருக்கும். அவசரத்தில் பொருத்தியதானால் ஒரு பக்கம் இடைவெளி நிற்கும். மறுபக்கம் புது உளியின் வெளிறிய வெட்டுத் தெரியும். என்னுடையதில் ஒரு நெல்மணி நுழையும் அளவு இடைவெளி இருக்கிறது. ஆனால் கறை பழையது. ஆகவே இந்த உறை இந்த அலகுக்கென்று பிறந்ததன்று. ஆயினும் நெடுங்காலம் ஒன்றாய்க் குடித்தனம் செய்திருக்கின்றன. இந்த அளவுக்கு மேல் நான் சொல்லத் துணிய மாட்டேன்.

ஜாவாவில் அலகின் எடை, இரும்பின் நிறம், துதிக்கையின் சுருள், கஞ்சாவின் வடிவம் ஆகியவற்றைக் கொண்டு, இது மஜபாகித், இது மாதாராம், இது பிளம்பங்கான் என்று காலமும் தேசமும் வகுக்கும் ஒரு கலை உண்டு. அதற்குத் தங்கூ என்று பெயர். அச்சொல்லுக்கு உத்தேசம் என்று பொருள் கூறலாம். அக்கலையில் வல்லவர்கள் அதை உத்தேசமாகவே சொல்லுகிறார்கள். விற்கிறவர்கள் அதைச் சாஸனமாக மாற்றிவிடுகிறார்கள். மஜபாகித் என்ற பெயருக்கு நேர்ந்த கதி இதற்கு நல்ல உதாரணம். பிடியும் அலகும் ஒரே இரும்பில் அமைந்து, பிடியில் ஒரு சிறு மனித உருவம் நிற்கும் குட்டிக் கிரிஸ்கள் உண்டு. ஐரோப்பியச் சேகரிப்பாளர்கள் அவற்றை மஜபாகித் கிரிஸ் என்று அழைத்து, அந்தச் சாம்ராஜ்யத்தின் வயதையே அவற்றுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஜாவாவில் அவற்றின் பெயர் கெரிஸ் சாஜென். சாஜென் என்றால் படையல். சடங்குகளில் படையலோடு வைப்பதற்காக அடித்தவை அவை. படையல் தட்டில் கிடந்த பொருளுக்கு அரண்மனைப் பிறப்புச் சீட்டு எழுதிக் கொடுத்ததுதான் நடந்தது.

உண்மையிலேயே ஆண்டு தாங்கிய கிரிஸ்கள் அபூர்வம். க்னாவுத் என்ற ஒல்லாந்து வைத்தியருக்கு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஐந்தாம் பாகு ஆலம் பரிசளித்ததும், இராமாயணக் காட்சிகள் கொண்ட செம்புத் தகடு போர்த்தியதும், இப்பொழுது ஆம்ஸ்டர்டாம் நகரில் இருப்பதுமான கிரிஸில் சக வருஷம் 1264 என்று இருக்கிறது. அது கிறிஸ்து சகாப்தம் 1342. அத்தகைய பாக்கியம் மற்றவற்றுக்கு இல்லை. மற்றவற்றுக்குச் சாட்சி சொல்லக்கூடியவை, 17ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பிய அரசர்களின் விநோதப் பொருட்கூடங்களில் புகுந்து, பதிவேட்டில் ஏறி, பிறகு யாராலும் கழுவப்படாமலும் உடை மாற்றப்படாமலும் உறங்கிய சில கிரிஸ்கள். ஓவியங்களும் சில வேளை துணை செய்யும். ரெம்பிராண்டு 1636ஆம் வருஷம் சிம்சோனின் கண்ணைப் பறிக்கும் கோரமான காட்சியை வரைந்தபோது, பழைய ஏற்பாட்டுக் காலத்துப் பெலிஸ்தியச் சிப்பாயின் கையில் ஒரு கிரிஸைக் கொடுத்தார். பெலிஸ்தியருக்கும் கிரிஸுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தேவையில்லை. அவ்வாண்டில் ஆம்ஸ்டர்டாம் சித்திரக்காரர் கைக்கு ஒரு கிரிஸ் எட்டியிருந்தது என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

நம் மலாயாவிலும் இதை ஆராய்ந்தவர்கள் உண்டு. 1936இல் வெளியான கிரிஸ் பற்றிய ஆங்கில நூல் ஒன்றை நெடுங்காலம் சேகரிப்பாளர்கள் கையேடாகக் கொண்டிருந்தார்கள். அதை எழுதிய ஜெரால்டு கார்ட்னர் ஜொகூரில் சுங்க இலாகாவில் உத்தியோகம் பார்த்தவர். பின்னாளில் அவர் இங்கிலாந்து சென்று, விக்கா என்ற பெயரில் சூனியக்காரிகளின் மதம் ஒன்றைப் பரப்பி, அதிலேதான் உலகப் புகழ் அடைந்தார். கிரிஸோடு அதிகம் பழகினால் அப்படி ஆகும் என்று என் மனைவி அடிக்கடி எச்சரிப்பது உண்டு.

வம்சாவளியை நிறுவுவது எவ்வளவு கடினம் என்பதற்கு, அரச ஆவணங்கள் அனைத்தும் துணை நின்ற ஒரு வழக்கையே எடுத்துக்கொள்வோம். 1825 முதல் 1830 வரை ஒல்லாந்தரோடு பெரும் போர் நடத்திய ஜாவா இளவரசர் திபோநகரோ, சமாதானம் பேசப் போன இடமாகிய மாகலாங்கில் 1830 மார்ச் 28ஆம் தேதி சிறைப்படுத்தப்பட்டார். சுலவேசிக்கு நாடு கடத்தப்பட்டு, 1855இல் மக்காசாரில் காலமானார். அவருடைய கிரிஸ்களில் ஒன்று, கிளீரன்ஸ் என்ற ஒல்லாந்துப் படைத்தலைவர் வழியாக 1831இல் மன்னர் முதலாம் வில்லெமுக்குப் போய், ஹேக் நகரத்து அரச விநோதக் கூடத்தில் சேர்ந்தது. 1883இல் அந்தக் கூடம் கலைக்கப்பட்டபோது அது லைடன் நகரத்து அருங்காட்சியகத்துக்குப் போயிற்று. அங்கே அது என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. மற்றக் கிரிஸ்களோடு கிரிஸாகக் கிடந்தது; சீட்டு மட்டும் அதைவிட்டுப் பிரிந்துபோயிற்று. இந்தோனேசியா கேட்டது, ஒல்லாந்து தேடியது, பல பத்தாண்டுகள் கிடைக்கவில்லை.

முடிவில் கண்டுபிடித்தது இரும்பைச் சோதித்து அல்ல, காகிதத்தைச் சோதித்து. திபோநகரோவின் தளபதி செந்தோட், இளவரசர் அந்தக் கிரிஸைக் கிளீரன்ஸிடம் கொடுத்ததைத் தம் கண்ணால் கண்டதாக எழுதிய சாட்சியம் ஆவணங்களில் இருந்தது. அதன் ஓரத்தில், ஜாவாவின் பெரும் ஓவியர் ராடன் சாலே, கிரிஸின் பெயராகிய கியாயி நாக சிலுமான் என்பதன் பொருளை விளக்கித் தம் கையால் எழுதியிருந்தார். சிலுமான் என்றால் மாயமாய் மறைவது. அந்த விவரங்களோடு ஒவ்வொரு கிரிஸாக ஒத்துப் பார்த்து அடையாளம் கண்டார்கள். 2020 மார்ச்சில், ஒல்லாந்து மன்னர் ஜாவாவுக்கு வந்த சமயத்தில், அது தாய்நாடு திரும்பியது.

திரும்பிய அன்றே சச்சரவும் தொடங்கியது. நாக சிலுமான் என்பது அலகு வடிவங்களில் ஒன்றுக்கும் பெயர். அவ்வடிவத்தில் நாகத்தின் தலை மட்டுமே தெரியும், உடல் இரும்புக்குள் மறைந்திருக்கும். வந்த அலகிலோ உடலும் நெளிந்தோடுகிறது. ஆகவே இது அது அன்று என்று ஜாவாவில் சிலர் வாதித்தார்கள். வடிவத்தின் பெயர் வேறு, ஒரு தனி ஆயுதத்துக்குச் சூட்டிய திருநாமம் வேறு என்று ஆராய்ந்தவர்கள் பதில் கூறினார்கள். கறுப்பன் என்று பெயரிட்ட காளை வெள்ளையாக இருக்கலாகாதா? எனக்கு இந்தப் பதில் நியாயமாகவே படுகிறது. ஆனால் என் மனத்தைப் பிடித்தது வேறு. ஒரு மன்னரின் கூடம், ஓர் அரசாங்கத்தின் ஆவணக் காப்பகம், ஒரு மகா ஓவியரின் கையெழுத்து இத்தனையும் இருந்தும், சீட்டு ஒன்று பிரிந்து போனதால் தேசமே தேடிய கிரிஸ் நூற்றுமுப்பது வருஷம் அநாதையாகக் கிடந்தது என்றால், அடகுக்கடைக் கிரிஸின் கதி என்ன?

கிரிஸ் எப்படிக் கைமாறியது என்ற வேறொரு கேள்வியும் உண்டு. சேகரிப்பாளர்கள் கூடும் இடத்தில் அதை எழுப்பினால் தேநீர் வந்துவிடும், பேச்சு மாறிவிடும். 1894இல் லோம்போக்கிலும், 1906இல் பாலியின் பாடுங்கிலும், 1908இல் குளுங்குங்கிலும் ஒல்லாந்துப் படைகள் அரண்மனைகளைச் சூறையாடின. பாடுங்கிலும் குளுங்குங்கிலும் அரச குடும்பத்தார் வெள்ளுடை உடுத்து, பெண்களும் பிள்ளைகளும் உட்பட, கிரிஸ்களோடு துப்பாக்கிகளின் முன் நடந்து மடிந்தார்கள். அந்தக் கிரிஸ்கள் விழுந்த இடத்திலிருந்து யாரோ எடுத்துப் போனார்கள். எடுத்தவர்கள் எல்லாரும் அருங்காட்சியகத்தில் ஒப்படைக்கவில்லை. 2023 ஜூலையில் ஒல்லாந்து இந்தோனேசியாவுக்குத் திருப்பிக் கொடுக்க முடிவு செய்த 478 பொருள்களில் லோம்போக் பொக்கிஷமும் குளுங்குங் கிரிஸ் ஒன்றும் இருந்தன. அதே வேளையில் இலங்கைக்கும் கண்டி அரசின் பீரங்கி முதலாக 6 பொருள்கள் கொடுக்கப்பட்டன. ஆக, பூர்வீகம் தெரியாது என்ற வாசகம் சில சமயம் அறியாமையாக இருக்கலாம். சில சமயம் யாரோ ஒருவர் சிரத்தையோடு அழித்ததன் விளைவாகவும் இருக்கலாம். தங்கம் வேய்ந்த பாலிக் கிரிஸ் ஒன்று ஒரு முறை என் முன் விலைக்கு வந்தது. எங்கிருந்து என்று கேட்டேன். பழைய குடும்பம் என்றார்கள். எந்தக் குடும்பம் என்றேன். மிகப் பழையது என்றார்கள். நான் வாங்கவில்லை. கையில் அவ்வளவு பணம் இல்லை என்பதும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இப்பொழுது என் குற்றத்தைச் சொல்லுகிறேன்.

தகப்பனார் இதைக் கொண்டுவந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. நைந்துபோன ஒரு சிவப்புத் துணியில் சுற்றியிருந்தது. பிடியில் கட்டிய நூலில் மடித்த காகிதம் ஒன்று தொங்கிற்று. அதில் ஊதாப் பென்சிலால் ஜாவி எழுத்தில் இரண்டு வரி எழுதியிருந்தது. வீட்டில் யாருக்கும் ஜாவி தெரியாது. அலகு கறுத்து, ஓரத்தில் துரு பூத்து இருந்தது. கறுப்பெல்லாம் அழுக்கு என்று எண்ணினேன். இரண்டு நாள் உட்கார்ந்து உப்புத்தாளால் தேய்த்தேன். சிவப்புத் துணியைக் கிழித்துத் துடைத்தேன். மேலே தேங்காயெண்ணெய் தடவினேன். அலகு அலுமினியக் கரண்டி போல வெளுத்து மின்னியது. மூன்றாம் நாள் அடுத்த வீட்டு மலாய்ப் பெரியவர், நாங்கள் பாக் ஹாஜி என்று அழைப்போம், வந்து பார்த்தார். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. கத்தியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அதோடு ஏதாவது எழுத்து இருந்ததா என்று மட்டும் கேட்டார். நான் முற்றத்துக்கு ஓடினேன். துணியும் அந்தக் காகிதமும் துருத்தூளுமாக எல்லாவற்றையும் அம்மா அன்று காலையிலேயே வெந்நீர் அடுப்பில் போட்டிருந்தார்.

நான் தேய்த்தது அழுக்கை அன்று, வாரங்கானை. அது நஞ்சுக் கல். நம் சித்த வைத்தியர்கள் அரிதாரம் என்றும் மனோசிலை என்றும் சொல்லும் அந்த வர்க்கத்துப் பாஷாணமே. ஜாவாவில் அலகை முதலில் இளநீரில் ஊறவைத்துத் துருவை நெகிழ்த்துவார்கள். பிறகு எலுமிச்சைச் சாறும் பூந்திக்கொட்டையும் இட்டுத் தேய்த்து, வெள்ளை இரும்பு தெரியும்வரை கழுவுவார்கள். அதன்மேல் வாரங்கானை எலுமிச்சைச் சாற்றில் கரைத்துப் பூசினால், சிறிது சிறிதாக இரும்பு கறுத்துப் பாமோர் எழும். கடைசியில் சந்தனம், மல்லிகை முதலிய வாசனை சேர்ந்த எண்ணெய். சூரோ மாதத்தில், அதாவது முஹர்ரத்தில், அரண்மனைகளிலும் வீடுகளிலும் இந்த ஸ்நானம் நடக்கிறது. மலாய் நாட்டில் கந்தகமும் உப்பும் சோற்றோடு பிசைந்து பூசும் வழக்கமும் இருந்தது.

இங்கேதான் அருங்காட்சியகத்தாருக்கும் ஜாவானியருக்கும் தகராறு. ஒவ்வொரு கழுவலும் இரும்பில் சிறிது உண்கிறது, ஆகவே தொடாதே என்கிறார்கள் முன்னவர்கள். கழுவாத கிரிஸ் பட்டினி கிடக்கும் பிதிரைப் போன்றது என்பது பின்னவர் மனோபாவம். இருவரும் பேசுவது ஒரே பொருளைப் பற்றி அன்று என்பது என் அபிப்பிராயம். குடும்பத்தில் வழிவழியாக இருக்கும் கிரிஸுக்கு வம்சமே சாட்சி. அதைக் குடும்ப வழக்கப்படி நீராட்டட்டும், தேய்ந்தாலும் அது பூஜையில் தேய்ந்த விக்கிரகம். ஊர் பேர் தெரியாத கிரிஸுக்கோ அதன் மேனியே சாட்சி. பழைய கறை, பிடிக்குள் தண்டில் சுற்றிய நூல், பிசினின் நிறம், உறைக்குள் தங்கிய தூசி, கட்டிய துணி, ஒட்டிய சீட்டு, ஏலக் கடைக்காரன் சுண்ணாம்புக் கட்டியால் எழுதிய எண் உட்பட எதையும், படம் பிடித்து எழுதி வைக்கும் முன் விரலால்கூடத் துடைக்கலாகாது.

எங்கள் பினாங்கு உப்புக் காற்றில் நான் செய்வதை மட்டும் சொல்லுகிறேன். அலகில் மிக மெல்லிதாக எண்ணெய். எண்ணெய் சொட்டச் சொட்ட உறையில் செருகினால் மரம் குடித்து, ஊறி, பிளக்கும். தேங்காயெண்ணெய் கூடவே கூடாது; சிக்குப் பிடிக்கும். பிளாஸ்டிக் பையில் கட்டினால் உள்ளே வியர்த்துத் துரு ஏறும். பருத்தித் துணியே போதும், பெட்டியில் ஈரமுறிஞ்சும் சிலிக்காப் பொட்டலம் ஒன்று. இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்ப்பேன். துருவைவிட உறை மரத்தில் இறங்கும் வண்டுக்கே நான் அதிகம் அஞ்சுகிறேன். துரு சொல்லிவிட்டு வரும், வண்டு சொல்லாது. எடுக்கும்போது, ஜாவாவில் ஒரு பெரியவர் கற்பித்தபடி, கத்தியை உறையிலிருந்து உருவுவதில்லை. கத்தியை நிலையாகப் பிடித்து உறையை அதிலிருந்து மெல்ல விலக்குகிறேன். மரியாதை ஒரு புறம் இருக்க, உறையின் உட்சுவர் அதனால் பிழைக்கிறது.

நான் வெளுத்த அலகுக்குப் பல வருஷம் கழித்துச் சோலோ என்னும் சூரகார்த்தா நகரத்தில் மறுபடியும் வாரங்கான் பூசிக் கொடுத்தார்கள். சிந்திய அரிசிக் கோலம் எழுந்தது. சந்தோஷந்தான், ஆனால் இப்பொழுது இதன்மேல் இருப்பது சோலோவின் கறுப்பு, இது எங்கிருந்து வந்ததோ அந்த ஊரின் கறுப்பு அன்று. அதையும் எழுதி வைத்திருக்கிறேன். இதோடு கூடவே ஒரு சிறு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. அதில் கண்டது ஒரு பக்கம், கேட்டது மறுபக்கம். கண்ட பக்கத்தில் அளவு, எடை, 9 லுக், நெல்மணி இடைவெளி, உப்புத்தாள் கீறல்கள், அவற்றைப் போட்டவன் பெயர். கேட்ட பக்கத்தில், பாக் ஹாஜி பூகிஸ் என்றது. சோலோ வியாபாரி மதுரா என்றது. மதுரா என்றால் அங்குள்ள தீவு, நம் மீனாட்சி மதுரையன்று. அதையும் அடைப்புக்குறியில் எழுதியிருக்கிறேன், என் பேரப்பிள்ளைகள் காலத்தில் யாராவது குழப்பி, பாண்டிய மன்னன் வாள் என்று ஏலத்தில் விட்டுவிடக் கூடாதல்லவா? கடைசியாக, ஊதாப் பென்சில், இரண்டு வரி, இரண்டாவது வரியின் முடிவில் ஓர் எண். 7 போலவும் இருந்தது, 6 போலவும் இருந்தது. ஜாவி எண்களில் அவ்விரண்டும் எப்படி எழுதப்படும் என்பதை அதன் பிறகுதான் கற்றுக்கொண்டேன்.

அவைத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். துணியை அவிழ்க்கிறேன். குழந்தைகள் வரலாம், ஒருவர் பின் ஒருவராக. யாரும் கையால் தொட வேண்டாம், மேலே இருப்பது பாஷாணம். யானைத் துதிக்கையை எல்லாரும் கண்டுபிடித்துவிடுவீர்கள். மயிரிழைக் கோடு எங்கே ஓடுகிறது என்று முதலில் காட்டுகிறவர் யார், பார்ப்போம்.